எல்லையில் கழற்றப்பட்ட ஒரு பெட்ரோல் டேங்க்: புளோரஸ்-மொன்டானோ வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

மெக்சிகோவின் டிஹுவானா நகரத்துக்கும் அமெரிக்காவின் சான் டியேகோவுக்கும் நடுவே இரண்டு பெரிய எல்லைச் சாவடிகள் இருக்கின்றன. ஒன்று சான் இசிட்ரோ, மற்றது அதற்குக் கிழக்கே உள்ள ஓட்டாய் மேசா. 2002 பிப்ரவரி 12 அன்று ஓட்டாய் மேசா சாவடிக்கு 1987 மாடல் ஃபோர்டு டாரஸ் ஸ்டேஷன் வேகன் ஒன்று வந்தது. முதல் வரிசையில் நின்ற சுங்க அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டிவந்த புளோரஸ்-மொன்டானோவை இறங்கச் சொன்னார். வண்டி இரண்டாம் கட்டச் சோதனை நடக்கும் இடத்துக்குப் போனது.

அங்கே இன்னொரு அதிகாரி பெட்ரோல் டேங்க்கைத் தட்டிப் பார்த்தார். பெட்ரோல் இருக்கிற டேங்க்கைத் தட்டினால் ஒருவிதமான சத்தம் வரும். இதில் அப்படி வரவில்லை. உள்ளே கெட்டியாக ஏதோ அடைத்திருப்பதுபோல் கேட்டது. சுங்கத்துறை ஒப்பந்தத்தில் வைத்திருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் வந்துசேர 20 முதல் 30 நிமிடம் ஆனது. வண்டியை ஹைட்ராலிக் லிஃப்ட்டில் ஏற்றி, டேங்க்கைத் தாங்கும் பட்டைகளைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றி, ஹோஸ்களையும் வயர்களையும் பிரித்து, டேங்க்கைக் கீழே இறக்கினார். டேங்க்கின் மேல்பக்கத்தில் பட்டி பூசியிருந்தது. டிங்கரிங் பட்டறைகளில் வண்டியின் ஒடுக்கு எடுத்தபின் பூசுவார்களே, அதே வகைப் பட்டி. அதிகாரி சுத்தியலால் அதைத் தட்டிப் பெயர்த்தார். அடியில் ஒரு மூடி. அதைத் திறந்தால் செங்கல்போல் அடுக்கிய கஞ்சாக் கட்டிகள், மொத்தம் 37 கிலோ. கழற்றத் தொடங்கியதிலிருந்து கஞ்சா கையில் கிடைத்தது வரை 15 முதல் 25 நிமிடம்தான்.

நடந்தது இவ்வளவுதான். கஞ்சா இருந்ததை யாரும் மறுக்கவில்லை. கேள்வி வேறு. ஒருவருடைய வண்டியை நிறுத்தி, அதன் ஒரு பாகத்தையே கழற்றிப் பார்க்க அரசுக்குக் காரணம் ஏதாவது வேண்டுமா, வேண்டாமா? அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனைகளிலிருந்து மக்களுக்கு, அவர்கள் வீட்டுக்கு, உடைமைகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு எல்லைச் சாவடியில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் வழக்கு.

அரசு வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த இடம்

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் தீர்ப்பில் இல்லை, அதற்கு முன்னாலேயே இருக்கிறது. கலிபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது சர்க்யூட் (சர்க்யூட் என்பது பல மாநிலங்கள் சேர்ந்த நீதிமன்ற வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே 2002இல் மொலினா-தராசோன் என்ற வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி எழுதிய தீர்ப்பு அது. பெட்ரோல் டேங்க்கைக் கழற்றுவது சூட்கேஸைத் திறந்து பார்ப்பது மாதிரியான வழக்கமான சோதனை அல்ல என்றது. பலப்பிரயோகம் இருக்கிறது, ஆபத்து இருக்கிறது, திரும்பப் பூட்டிய வண்டியை ஓட்டிப் போகிறவருக்கு இனி இது பத்திரமாக ஓடுமா என்ற பயமும் இருக்கிறது, ஆகவே அதிகாரிக்கு நியாயமான சந்தேகமாவது இருக்க வேண்டும் என்று முடிவு சொன்னது.

இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான், தன் வண்டியில் கிடைத்த கஞ்சாவைச் சான்றாக ஏற்கக்கூடாது என்று ஓட்டுநர் தரப்பு மனுப் போட்டது. அரசுத் தரப்பு அங்கே சுலபமாகப் பதில் சொல்லியிருக்கலாம்: "டேங்க்கைத் தட்டினோம், கெட்டிச் சத்தம் வந்தது, அதுதான் எங்கள் சந்தேகத்துக்குக் காரணம்." எந்த நீதிபதியும் யோசித்துப் பார்க்கக்கூடிய பதில். ஆனால் அரசு அந்தப் பக்கமே போகவில்லை. நியாயமான சந்தேகம் இருந்தது என்று நாங்கள் வாதாடப் போவதில்லை, மொலினா-தராசோன் தீர்ப்பே தவறு, எல்லையில் சந்தேகம் எதுவுமே தேவையில்லை என்று நின்றது. மாவட்ட நீதிமன்றம் ஓட்டுநர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் சுருக்கமாக அதை உறுதி செய்தது. அரசு எதிர்பார்த்திருந்ததும் அதைத்தான். தோற்றால்தானே உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடியும்.

இதில் சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் இல்லை. ஆனாலும் கவனியுங்கள்: தட்டிப் பார்த்து, காரணத்தோடு கழற்றிய ஒரு வழக்கை வைத்து, காரணமே இல்லாமல் கழற்றலாம் என்ற விதி வாங்கப்பட்டது. ஒரு காரணமும் இல்லாமல் டேங்க் கழற்றப்பட்ட, உள்ளே பெட்ரோல் மட்டுமே இருந்த ஒரு பயணியின் முகம் அந்த நீதிபதிகள் முன்னால் வரவேயில்லை.

உச்ச நீதிமன்றம் சொன்னது

2004 பிப்ரவரி 25 அன்று வாதம், மார்ச் 30 அன்று தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அரசுக்குச் சாதகமாகச் சொன்னார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ரென்க்விஸ்ட் எழுதினார். வேண்டாத ஆட்களும் பொருட்களும் நாட்டுக்குள் நுழையாமல் தடுப்பதில் அரசுக்கு உள்ள அக்கறை சர்வதேச எல்லையில்தான் உச்சத்தில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் அடித்தளம். வழக்கமான சோதனை எது, வழக்கத்தை மீறிய சோதனை எது என்று தராசில் நிறுத்துப் பார்ப்பதெல்லாம் மனித உடம்பைச் சோதிக்கும்போது பொருந்தலாம், வண்டிகளுக்கு அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்.

எண்களும் அரசுக்குக் கைகொடுத்தன. ஐந்தரை நிதியாண்டுகளில் தெற்குக் கலிபோர்னியச் சாவடிகளில் வண்டிகளிலிருந்து போதைப்பொருள் பிடிபட்டது 18,788 தடவை. அதில் 4,619 பெட்ரோல் டேங்க்கிலிருந்து. ஏறக்குறைய நாலில் ஒன்று. பத்து நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் டேங்க் பகுதியில் மனிதர்களே மறைத்துக் கடத்தப்பட்டார்கள். பெட்ரோலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு ஆளை மடக்கி வைத்துக் கொண்டுவருவதை நினைத்துப் பார்த்தால், அந்த அதிகாரிகளின் வேலையை லேசாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்தரங்கம் பற்றிய வாதத்துக்கு ரென்க்விஸ்ட்டின் பதில் சுருக்கமானது. பெட்ரோல் டேங்க் எரிபொருள் வைக்கிற இடம், வேறெதற்கும் அல்ல. ஆட்கள் உட்காரும் பகுதியைத் திறந்து பார்ப்பதைவிட டேங்க்கைப் பார்ப்பது எப்படி அந்தரங்கத்தில் பெரிய தலையீடு ஆகும் என்று கேட்டார். தாமதம் பற்றியும் பேசினார்: எல்லையில் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். சேதம் ஏற்பட்டால் நஷ்ட ஈடு கேட்க வழி உண்டு. டேங்க்கைக் கழற்றிப் பூட்டியதால் விபத்து நடந்ததாக யாரும் சான்று காட்டவில்லை.

ஒரு கதவை மட்டும் அவர் சாத்தாமல் விட்டார். இது கழற்றித் திரும்பப் பூட்டும் சோதனை. துளை போடுவதுபோல் பொருளைச் சேதப்படுத்தும் சோதனை வேறு, அதைப் பற்றி இப்போது சொல்லத் தேவையில்லை என்று அடிக்குறிப்பில் எழுதினார். அந்தக் கதவும் அதிக நாள் திறந்திருக்கவில்லை. 2005இல் ஒன்பதாவது சர்க்யூட், ஸ்டெப்னி டயரைக் கத்தியால் கீறிப் பார்த்ததையும், ஒரு பிக்கப் வண்டியின் பின்தளத்தில் துளை ஒன்று போட்டுப் பார்த்ததையும், சந்தேகம் இல்லாமலே செய்யலாம் என்று அடுத்தடுத்து ஏற்றுக்கொண்டது.

நீதிபதி ஸ்டீபன் பிரையர் தனியாகச் சில வரிகள் எழுதிச் சேர்த்தார். சுங்கத்துறை தன் அதிகாரிகள் செய்யும் எல்லைச் சோதனைகளையும் அவற்றுக்கான காரணங்களையும் பதிவு செய்து வைக்கிறது, அதிகாரம் தவறாகப் பயன்படுமோ என்ற கவலையை அந்த நடைமுறை குறைக்கும் என்றார். இந்தச் சில வரிகளுக்குத் திரும்ப வருகிறேன்.

348 வண்டிகள்

தீர்ப்பில் ஒரு வரியில் வந்துபோகிற இன்னொரு எண் உண்டு. தெற்கு எல்லை நெடுக ஒரு நிதியாண்டில் 348 டேங்க்குகளைக் கழற்றிப் பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பப் பூட்டி அனுப்பிவிட்டார்கள், பிரச்சினை எதுவும் எழவில்லை. நீதிமன்றம் இதை அரசுக்குச் சாதகமாகச் சொல்கிறது: பார்த்தீர்களா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அது அப்படிப் படவில்லை. 348 பேர் சாவடியின் ஓரத்தில் நின்று, தங்கள் வண்டி லிஃப்ட்டில் ஏறுவதையும் டேங்க் இறங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். கூட வந்தவர்கள் இருந்திருப்பார்கள். வேலைக்கு நேரமாகியிருக்கும், குழந்தை அழுதிருக்கும். அவர்களில் ஒருவருடைய பெயரிலும் உச்ச நீதிமன்ற வழக்கு கிடையாது. ஏன் என்பதும் எளிது. சோதனை சரியா தவறா என்ற கேள்வி கோர்ட்டுக்கு வருவது பெரும்பாலும் ஏதாவது பிடிபட்டால்தான். பிடிபட்டவர்தான் சான்றைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடுவார். ஒன்றும் கிடைக்காதவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே பயணிகளின் அந்தரங்க உரிமை பற்றிய சட்டம் பெரும்பாலும், 37 கிலோ கஞ்சாவோடு பிடிபட்டவர் போன்றவர்களின் வழக்குகளிலிருந்தே உருவாகிறது. எதிரே குற்றவாளி நிற்கும்போது உரிமையைத் தாராளமாக அளந்து கொடுக்க எந்த நீதிபதிக்கும் கை வராது.

இத்தனைக்கும் காரணம் கேட்பது எல்லைக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. எல்லைச் சோதனைக்கு நீண்ட மரபு உண்டு என்று காட்ட அமெரிக்க நீதிமன்றங்கள் எடுத்துவைப்பது 1789 ஜூலை 31இன் முதல் சுங்கச் சட்டம். நான்காவது திருத்தத்தை முன்மொழிந்த அதே காங்கிரஸ் இயற்றியது, ஆகவே எல்லைச் சோதனையை அவர்கள் தவறாக நினைக்கவில்லை என்பது வாதம். சரி. ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தால், தீர்வை கட்ட வேண்டிய சரக்கு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் உள்ள கப்பலுக்குள் நுழையத்தான் அது அதிகாரம் தருகிறது. இந்தியாவின் 1962 சுங்கச் சட்டத்தின் 106ஆவது பிரிவும் அப்படித்தான், கடத்தலுக்குப் பயன்படுகிறது என்று நம்பக் காரணம் உள்ள வாகனத்தை நிறுத்திச் சோதிக்கலாம் என்கிறது. காரணம் வேண்டும் என்று எழுதிவைத்ததால் கடத்தலைப் பிடிக்க முடியாமல் போனதாக யாரும் சொல்லவில்லை.

கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால்

இந்த அதிகாரம் சாவடியோடு நிற்கிறதா? ஓரளவுக்கு நிற்கிறது, அது முக்கியம். 1973இல் அல்மெய்டா-சான்செஸ் வழக்கில், எல்லையிலிருந்து 25 மைல் உள்ளே ரோந்துப் படையினர் ஒரு காரை நிறுத்தி, வாரண்டும் தகுந்த காரணமும் (நியாயமான சந்தேகத்தைவிட வலுவான அடிப்படை) இல்லாமல் சோதித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1975இல், ரோந்துப் படை ஒரு வண்டியை நிறுத்தவே நியாயமான சந்தேகம் வேண்டும், உள்ளே இருப்பவர்கள் மெக்சிகோ வம்சாவளியினர்போல் தெரிகிறார்கள் என்பது மட்டும் போதாது என்றது. 1976இல் எல்லையிலிருந்து 66 மைல் தள்ளியிருந்த சான் கிளமெண்டே நெடுஞ்சாலைச் சாவடியில், சந்தேகம் இல்லாமலே நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் அப்படிப்பட்ட உள்நாட்டுச் சாவடிகளில் வண்டியைத் திறந்து தேட, ஓட்டுநரின் சம்மதமோ தகுந்த காரணமோ வேண்டும். எல்லையிலிருந்து நூறு மைலுக்குள் அரசியலமைப்பே செல்லாது என்று சிலர் பேசுவதுண்டு. அது சரியல்ல. நூறு மைல் என்பது எல்லைக் காவல் படை எவ்வளவு தூரம் வரை செயல்படலாம் என்பதற்கான விதி. அந்தப் பகுதிக்குள் டேங்க்கைக் கழற்ற, எல்லைச் சாவடியில் உள்ள அதிகாரம் இல்லை.

டேங்க்கிலிருந்து செல்போனுக்கு

நான் இந்தப் பழைய வழக்கை எடுத்ததற்குக் காரணம் இதுதான். டேங்க் வழக்கின் முடிவை வைத்து, காரில் இருக்கும் செல்போனையும் அரசு அதே கணக்கில் சேர்க்கிறது. எல்லைக்கு வரும் ஒரு பொருள், அவ்வளவுதான் என்கிறது. ஆனால் ரென்க்விஸ்ட் சொன்ன காரணத்தைத் திரும்பப் படியுங்கள். டேங்க்கில் எரிபொருளைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது, ஆகவே அந்தரங்கம் என்ற பேச்சே இல்லை. அந்தக் காரணத்தால்தான் அரசு ஜெயித்தது. அதே அளவுகோலைப் போனில் வைத்தால் அரசு தோற்க வேண்டும். மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு, கணவன் மனைவி பேசிக்கொண்டது, வக்கீலுக்கு எழுதியது, பத்து வருடப் புகைப்படம், எல்லாம் அதில் இருக்கின்றன. கைது செய்யப்பட்டவரின் போனைப் பார்க்க வாரண்ட் வேண்டும் என்று 2014இல் ரைலி வழக்கில் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், சட்டைப் பையில் உள்ள மற்ற பொருட்களையும் போனையும் ஒன்று என்பது, குதிரைச் சவாரியும் நிலாவுக்குப் பறப்பதும் ஒன்று என்பதுபோல் என்றார். ஆனால் அது எல்லை வழக்கு அல்ல.

எல்லையில் வண்டிப் பாகமும் போனும் ஒரே வழக்கில் சந்தித்ததும் உண்டு. 2016 ஜூலையில் சான் இசிட்ரோ சாவடிக்கு ஒரு கார் வந்தது. மோப்ப நாய் ஸ்டெப்னி டயரைக் காட்டிக்கொடுத்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே 14 பொட்டலம், சுமார் 14 கிலோ கொக்கைன். டயர் சோதனையில் யாருக்கும் தகராறு இல்லை. அதன் பிறகு புலனாய்வு அதிகாரிகள் ஓட்டிவந்தவருடைய போனை எடுத்தார்கள். அழைப்புப் பட்டியலைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டார்கள். வாட்ஸப்பில் வந்த இரண்டு செய்திகளைப் படம் பிடித்தார்கள். அப்புறம் மென்பொருள் ஒன்றை வைத்துப் போனிலிருந்த தகவல்களை உருவினார்கள். கானோ என்று பெயர்பெற்ற இந்த வழக்கில் 2019இல் ஒன்பதாவது சர்க்யூட் தெளிவாகக் கோடு போட்டது. எல்லைச் சோதனையின் நோக்கம் கடத்தல் பொருளைத் தடுப்பது. போனைக் கையால் புரட்டிப் பார்ப்பதானாலும், போனுக்குள்ளேயே தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று மட்டும்தான் தேடலாம். மென்பொருள் வைத்து ஆழமாகத் தோண்ட, அப்படி ஒன்று இருக்கிறது என்ற நியாயமான சந்தேகமும் வேண்டும். கொக்கைன் போனுக்குள் இருக்க முடியாது. வேறு குற்றத்துக்குச் சான்று தேடுவதென்றால் வாரண்ட் வாங்க வேண்டும். அவருடைய தண்டனை ரத்தானது.

இந்தத் தீர்ப்புதான் டேங்க் வழக்கை நேர்மையாகப் படித்த தீர்ப்பு என்பது என் எண்ணம். பொருளைத் தடுக்கத் தந்த அதிகாரம் பொருளோடு நிற்க வேண்டும். எல்லா நீதிமன்றங்களும் இதை ஏற்கவில்லை. பதினோராவது சர்க்யூட் 2018இல் போனுக்கும் சந்தேகம் எதுவும் தேவையில்லை என்றது. முதல் சர்க்யூட் 2021இல் வாரண்ட் வேண்டாம் என்றதோடு, கானோ வைத்த கட்டுப்பாட்டையும் ஏற்க மறுத்தது. எந்தச் சாவடி வழியாக நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் உரிமை மாறுகிறது. ஒரே நாட்டின் ஒரே அரசியலமைப்புக்கு இது அழகல்ல.

காரில் எல்லை தாண்டும் நம்மவர்களுக்கு

டொரண்டோ, ஸ்கார்பரோ பக்கத்திலிருந்து பீஸ் பிரிட்ஜ் வழியாகவோ ரெயின்போ பிரிட்ஜ் வழியாகவோ அமெரிக்காவில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கல்யாணச் சாமான், பலகாரப் பெட்டி, குழந்தைகளின் ஐபேட் எல்லாம் ஒரே வண்டியில். இவர்களுக்கு நடைமுறை இதுதான். வண்டியையும் பெட்டிகளையும் திறந்து பார்க்க அதிகாரிக்குக் காரணம் தேவையில்லை. அதைத் தடுக்க முயல வேண்டாம். போன் விஷயத்தில், அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் 2018 உத்தரவு ஒன்று இருக்கிறது. கையால் புரட்டிப் பார்க்கச் சந்தேகம் தேவையில்லை. வேறு கருவியை இணைத்து ஆராய நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் கவலையோ இருக்க வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். போனில் சேமித்திருப்பதை மட்டுமே பார்க்கலாம், இணையத்தில் எங்கோ இருப்பதைப் பார்க்கக்கூடாது. அதற்காக இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். பாஸ்வேர்டு தர மறுத்தால் அமெரிக்கக் குடிமகனை உள்ளே விடாமல் தடுக்க முடியாது, போனை மட்டும் பிடித்து வைக்கலாம். விசிட்டராகப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பலாம். கனடா குடியுரிமை மட்டும் உள்ளவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். கனடாவுக்குத் திரும்பும் வழியிலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2020இல் ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம், எந்த வரம்பும் இல்லாமல் போன்களைச் சோதிக்க அனுமதிக்கும் அளவில் கனடா சுங்கச் சட்டத்தின் பிரிவு செல்லாது என்று சொல்லியிருக்கிறது.

இப்போது பிரையர் எழுதிய வரிகளுக்கு வருகிறேன். சோதனையும் அதன் காரணமும் பதிவாகின்றன என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பதிவு அரசின் கையில் இருக்கிறது. டேங்க் கழற்றப்பட்டுத் திரும்பப் பூட்டப்பட்ட அந்த 348 பேருக்கும், ஏன் கழற்றினோம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தோம், யார் கழற்றினார்கள் என்று எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்திருந்தால், ஒன்றும் கிடைக்காத பயணிக்கும் கோர்ட்டுக்குப் போக ஒரு பிடி கிடைத்திருக்கும். துறை எப்படியும் எழுதி வைக்கிற பதிவின் ஒரு நகல்தான் நான் கேட்பது. அதிகாரியின் கையைக் கட்டாது, கடத்தல்காரருக்கு உதவாது.

அது வரும் வரை, வண்டியின் பாகத்தைக் கழற்றினால் திரும்பப் பூட்டியதும் அங்கேயே வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கசிவோ சேதமோ இருந்தால் அப்போதே மேற்பார்வை அதிகாரியிடம் சொல்லி, நஷ்ட ஈட்டுக்கு எங்கே மனுப் போடுவது என்று கேளுங்கள். போனைப் பிடித்து வைத்தால் அதற்கு 6051டி என்ற எண்ணுள்ள ரசீதுப் படிவம் உண்டு. அதிகாரியின் பெயரோடு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது கையில் வந்த பிறகே சாவடியை விட்டுக் கிளம்புங்கள்.